எட்டு வாரம், ஆயிரம் ரூபாய்: மாதவன் முகுந்தின் பைத்தான் பாடம்

ஐ.டி. வேலைக்கு எந்த கோர்ஸில் சேரலாம் என்று நெல்லைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் இலவச இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் இருக்கிற பைத்தான் பாடம். பைத்தான் என்ற நிரல் மொழியை வைத்துக்கொண்டு நிரலாக்கம், டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவலை அடுக்கி வைக்கும் முறை), அல்காரிதம் (ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழி) மூன்றையும் எட்டு வாரத்தில் சொல்லித் தருகிறார்கள். நடத்துபவர் பேராசிரியர் மாதவன் முகுந்த். நான் படித்தபோது அவர் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தார். வீடியோ பார்க்கவும் வாரா வாரம் அசைன்மென்ட் செய்யவும் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். நான் தேர்வு எழுதியபோது அது 1,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் பாதி.

நான் என்ன நிலையில் இந்தப் பாடத்துக்கு வந்தேன் என்று சொன்னால்தான் இந்த மதிப்புரை உங்களுக்குப் பயன்படும். எனக்கு ஊர் முக்கூடல். அம்மா பீடி சுற்றுகிறார். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் படித்து 2023 ஏப்ரலில் முடித்தேன். முடித்த நேரம் சரியில்லை. அந்த நிதியாண்டு முடிந்தபோது டி.சி.எஸ்.ஸில் 13,249 பேரும், இன்ஃபோசிஸில் 25,994 பேரும், விப்ரோவில் 24,516 பேரும் குறைந்திருந்தார்கள். மூன்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 64,000. இருக்கிற ஆட்களே இப்படிக் குறையும்போது, பொறியியல்கூடப் படிக்காத பி.எஸ்சி. பெண்ணுக்கு எந்தக் கதவு திறக்கும்? எங்கள் வகுப்பில் ஐ.டி.க்குப் போக நினைத்த பதினொரு பேரில் அந்த வருடம் இரண்டு பேருக்குத்தான் வேலை கிடைத்தது.

அந்தப் பயத்தில்தான் நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஆறு மாத ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (ஒரு வெப்சைட்டை முழுதாகச் செய்யும் பயிற்சி), 45,000 ரூபாய், வாசலில் '100 சதவீத பிளேஸ்மென்ட்' என்று ஃப்ளெக்ஸ். அம்மா கம்மலை அடகு வைத்து முதல் தவணை 15,000 கட்டினார். தினமும் போக வர பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அங்கே நடந்தது இதுதான்: சார் புரொஜெக்டரில் ஒரு நிரலைப் போடுவார், நாங்கள் முப்பது பேர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வோம். ஓடினால் அடுத்த நிரல். ஓடவில்லை என்றால் உதவியாளர் வந்து எங்கேயோ ஒரு புள்ளியைத் திருத்திவிட்டுப் போவார். எது தப்பு, ஏன் தப்பு என்று கேட்டால் 'சிலபஸ் முடிக்கணும்மா' என்பார்கள். நான்கு மாதத்தில் ஒரு ஷாப்பிங் தளம் செய்திருந்தேன். அதில் ஒரு வரியைக்கூட நானாக யோசித்து எழுதியதில்லை. பிளேஸ்மென்ட் என்றதும், வேலைவாய்ப்புத் தளங்களில் எல்லோருக்கும் தெரிகிற லிங்க்குகளை வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் என்று ஆயிற்று. அதற்குள் மூன்று இன்டர்வியூ போய்வந்திருந்தேன். மூன்றிலும் முதல் சுற்றிலேயே வெளியே. ஒரு இடத்தில் 'இந்தப் பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடி' என்று கேட்டார்கள். வெள்ளைத் தாளைப் பார்த்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கணிதம் படித்தவள் நான். அன்றைக்குப் பட்ட வேதனை சொல்லி மாளாது.

2023 டிசம்பர் 17, 18 மழையை நெல்லைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை எல்லாம் தண்ணீர், கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தாமிரபரணி. பயிற்சி மையம் இரண்டு வாரம் திறக்கவில்லை. எங்கள் தெருவில் மின்சாரம் வந்தபிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை எடுத்தேன். பேட்டரி போய்விட்டது, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். கல்லூரியில் எங்கள் கணிதப் பேராசிரியை ஒருமுறை சொன்ன பெயர் நினைவுக்கு வர, மாதவன் முகுந்தின் முதல் வீடியோவைப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த மையத்துக்குத் திரும்பப் போகவே இல்லை. மிச்சத் தவணையைக் கட்டவில்லை, கட்டிய 15,000 வரவும் இல்லை.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

முதல் வாரத்தில் அவர் எடுத்துக்கொள்வது மீ.பொ.வ. பைத்தானை நிறுவும் வேலையே அந்த வாரக் கடைசியில்தான் வருகிறது. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்க முதலில் எல்லோருக்கும் தோன்றுகிற வழியைச் சொல்கிறார். இரண்டுக்கும் தனித்தனியாகக் காரணிகளைப் பட்டியல் போடு, பொதுவானதை எடு, அதில் கடைசியாக இருப்பதைச் சொல். அடுத்து, இரண்டு பட்டியல் எதற்கு? ஒன்றிலிருந்து சின்ன எண் வரை போய் இரண்டையும் வகுப்பதை மட்டும் குறித்தால் போதுமே. அப்புறம், பட்டியலே எதற்கு? கடைசியாகக் கிடைத்ததை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பெரியதுதானே வேண்டும், அப்படியானால் மேலிருந்து கீழே இறங்கி வந்தால் முதலில் கிடைப்பதே விடை. இவ்வளவுக்கும் பிறகுதான் யூக்ளிட் வருகிறார். 1001, 364 என்று இரண்டு எண்களை நானே எடுத்துப் பார்த்தேன். 364-லிருந்து ஒவ்வொன்றாக இறங்கினால் 91 வருவதற்குள் 274 முறை சோதிக்க வேண்டும். யூக்ளிட் வழியில் 1001-ஐ 364-ஆல் வகுத்தால் மீதி 273, 364-ஐ 273-ஆல் வகுத்தால் மீதி 91, 273-ஐ 91-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மூன்றே வகுத்தல்.

எனக்கு யூக்ளிட் புதிதில்லை. எண் கோட்பாட்டில் அதை நிரூபித்து பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் விடை சரியாக வந்தபிறகும் 'இதில் எது வீண் வேலை?' என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதை யாரும் எனக்குக் காட்டியதில்லை. எட்டு வாரமும் அவர் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். நிரலாக்கம் என்றால் மொழியைக் கற்பது என்று நினைத்திருந்தேன். மொழி இரண்டாவதுதான் என்று இந்தப் பாடத்தில்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு கணக்கு சொல்கிறார். பைத்தான் தோராயமாக நொடிக்கு ஒரு கோடிப் படிகள் செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் நிரலை ஓட்டாமலேயே எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிடலாம். இதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன்.

பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து, வரிசையாகத் திரும்பச் சேர்க்கும் மெர்ஜ் சார்ட் நான்காவது வாரம். விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்குவதை உதாரணமாகச் சொல்லித்தான் அவர் வரிசைப்படுத்துதலையே தொடங்கியிருந்தார். எனக்குக் கையால் செய்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. வீட்டில் கிழித்துப் போட்ட தினசரி காலண்டர் தாள்கள் கிடந்தன. பதினாறு தாளை எடுத்து, கலைத்து, வாசலில் உட்கார்ந்தேன். எட்டு எட்டாகப் பிரித்து, நாலு நாலாகப் பிரித்து, இரண்டு இரண்டாகப் பிரித்து, ஒன்று ஒன்றாக ஆக்கி, அப்புறம் சேர்க்கத் தொடங்கினேன். கடைசியில் எட்டு எட்டாக இரண்டு அடுக்கு நின்றது. இரண்டையும் ஒன்றாக்கும்போது ஒவ்வொரு தடவையும் இரண்டு அடுக்கையும் விரித்துப் பார்த்து, எது சின்னது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா பக்கத்தில் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். கை பீடி சுற்றிக்கொண்டே இருந்தது, கண் என் தாளில். 'ஏட்டி, ரெண்டுலயும் மேல இருக்கத மட்டும் பாத்தா போதும்லா? அடியில என்னத்துக்குக் கெளருத?' என்றார்.

வீடியோவில் சொன்னதும் அதுதான். இரண்டு அடுக்கும் ஏற்கெனவே வரிசையில் இருக்கின்றன. அதனால் மேலே இருக்கிற இரண்டில் எது சின்னதோ அதை எடுத்து வை, அடுத்ததைப் பார். கீழே இருப்பதைப் பார்க்கவே வேண்டாம். வீடியோவை மூன்று தடவை பார்த்தும் என் கைக்கு வராதது, அம்மா சொன்னதும் வந்துவிட்டது. அன்று இரவே நிரலை எழுதினேன். பார்த்து எழுதவில்லை. என் வாழ்க்கையில் யாரையும் பார்க்காமல் எழுதி முதல் தடவையே ஓடிய நிரல் அதுதான்.

அசைன்மென்ட் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தின் பாதி மதிப்பு அங்கேதான் இருக்கிறது. நிரலை எழுதித் தளத்தில் ஏற்றினால் சில சோதனைகளின் விடையை உடனே காட்டும். வேறு சில சோதனைகள் நமக்குத் தெரியாமல் மறைவாக இருக்கும். கெடு முடிந்தபிறகு அதிலும் ஓட்டித்தான் மதிப்பெண். மூன்றாவது வாரம் கண்ணுக்குத் தெரிந்த சோதனை எல்லாவற்றிலும் தேறினேன், மறைவானதில் இரண்டு போயிற்று. இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். பட்டியலே காலியாக இருந்தால் என்ன செய்வது என்று நான் நினைக்கவே இல்லை. அதிலிருந்து எந்த நிரல் எழுதினாலும் முதலில் காலிப் பட்டியலைக் கொடுத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கடினமான இடம் ஆறாவது வாரம். சதுரங்கப் பலகையில் ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் வைக்கும் கணக்கு. ஒரு ராணியை வைத்து, முடியாமல் போனால் பின்வாங்கி, வேறு கட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன், நானும் நிறுத்தப் பார்த்தேன். நிறுத்த வேண்டாம். நாலுக்கு நாலு கட்டம் வரைந்து, புளியங்கொட்டையை ராணியாக வைத்து நகர்த்திப் பாருங்கள். ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும். எட்டாவது வாரத்து டைனமிக் புரோகிராமிங் இதைவிட எளிதாகவே இருந்தது. ஒருமுறை கண்டுபிடித்த விடையை எழுதி வைத்துக்கொள், மறுபடி கணக்குப் போடாதே, அவ்வளவுதான்.

பாடம் ஆங்கிலத்தில். ஆனால் அவர் பேசுவது நிதானமான, தெளிவான ஆங்கிலம். முதல் இரண்டு வாரம் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன், அப்புறம் தேவைப்படவில்லை. ஆங்கிலம் சுத்தமாக ஒட்டவில்லை என்றால், ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் சி, லினக்ஸ் போன்றவை தமிழிலேயே இருக்கின்றன. அவற்றில் கொஞ்சம் பழகிவிட்டு இதற்கு வரலாம். தேர்வுக்கு நேரில் ஒரு தேர்வு மையத்துக்குப் போய் உட்கார வேண்டும், மூன்று மணி நேரம்.

இந்தப் பாடத்தில் கிடைக்காதவையும் உண்டு. வெப்சைட் செய்யச் சொல்லித் தராது. தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல். கிடையாது, நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கிடையாது. வேலைக்கான விளம்பரத்தில் கேட்கிற பத்து சொற்களில் இரண்டுதான் இதில் வரும். அந்த இரண்டும் கைவந்துவிட்டால் மற்ற எட்டையும் நாமே படித்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். எஸ்.கியூ.எல்.லுக்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, கிட்டுக்கு ஒரு வாரம். பயிற்சி மையத்தில் நான்கு மாதம் தட்டச்சு செய்த ஷாப்பிங் தளத்தை, பாடம் முடிந்தபிறகு ஒரு மாதத்தில் முதலிலிருந்து நானே எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிந்தது.

ஜூனில் நெல்லையிலேயே ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்வியூ. முப்பது பேர் வேலை செய்கிற இடம். ஒரு மேடம் தாளும் பேனாவும் கொடுத்தார். கடையின் இரண்டு கிளைகளிலிருந்து பில் எண்கள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம், இரண்டும் ஏறுவரிசையில். முதல் பட்டியலில் இருப்பவற்றில் இரண்டாவதில் இல்லாதவை எவை என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்டதும் வாசலில் கிடந்த காலண்டர் தாள்தான் கண்ணில் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மற்றதில் முழுக்கத் தேடினால் லட்சம் பெருக்கல் லட்சம், ஆயிரம் கோடிப் படிகள், பைத்தானில் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று முதலில் எழுதினேன். அப்புறம் இரண்டு வரிசை எண்களை எழுதி, இரண்டு விரலை வைத்து, மேலே இருப்பதை மட்டும் பார்த்து நகர்த்திக் காட்டினேன். அதிகம் போனால் இரண்டு லட்சம் படிகள், நொடியில் சிறு பங்கு.

'செட் போட்டால் ஒரே வரியில் முடியுமே?' என்றார். ஒரு எண் உள்ளே இருக்கிறதா என்று உடனே சொல்லும் பைத்தான் வசதிதான் செட். 'முடியும் மேடம். ஆனால் வரிசையாகவே வந்திருப்பதால் எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டாம், ஃபைலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகலாம்' என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, 'இரண்டாவது கிளை அன்றைக்கு விடுமுறை என்றால்?' என்று கேட்டார். காலிப் பட்டியல். அதற்கான இரண்டு வரியை ஏற்கெனவே எழுதியிருந்தேன். பேனாவால் சுட்டிக் காட்டினேன்.

முதல் ஆறு மாதம் 14,000, அப்புறம் 20,000 என்று சேர்த்துக்கொண்டார்கள். சான்றிதழை ஃபைலில் கொண்டு போயிருந்தேன், யாரும் கேட்கவில்லை. அதற்காக ஆயிரம் ரூபாய் வீண் என்று சொல்ல மாட்டேன். பணம் கட்டியதால்தான் கெடு தவறாமல் எட்டு வாரமும் உட்கார்ந்தேன். காசு நெருக்கடி என்றால் சான்றிதழை விட்டுவிடுங்கள், அசைன்மென்டை மட்டும் விடாதீர்கள். வீடியோ எப்போதும் யூடியூபில் கிடைக்கும். ஆனால் அசைன்மென்டும் கெடுவும் பாடம் நடக்கிற பருவத்தில் சேர்ந்தால்தான். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்கும்போது இந்தப் பாடம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

யாருக்குச் சரிப்படாது என்றால், அடுத்த மாதமே வேலை வேண்டும், ஒரு டூல் மட்டும் கற்றால் போதும் என்பவர்களுக்கு. நிரலை ஒருமுறைகூட எழுதிப் பார்க்காதவர்கள் எட்டு வாரத்தைப் பன்னிரண்டு வாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எனக்குப் பத்து மணி நேரம் பிடித்தது, ஆறாவது வாரம் மட்டும் இருபது. நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்தும் போடுவேன்.

இந்த ஜூலைக்கு எங்கள் தெருவில் இரண்டு பேர் பதிந்திருக்கிறார்கள். ஒருத்தி பி.காம்., இன்னொருத்தி பாலிடெக்னிக். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் உட்காருகிறோம். அம்மா இப்போது காலண்டர் தாளைக் கிழித்தால் எறிவதில்லை, பீடி இலைக் கூடைக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்.